காமு பார்த்த பக்கம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிள்ளையை அழவிடாமல் தாயிடமிருந்து பிரித்து வாங்குவதில் செல்வமேரியை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தச் செல்வமேரி நான்தான். எண்பத்தெட்டாம் வருஷம், ஆபீஸ் போகிற பெண்களின் பிள்ளைகள் நாலு பேரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வித்தை ஒன்றும் பெரிதில்லை. பிள்ளையை இடுப்பில் வாங்கி, "அதோ பாரு காக்கா" என்று முருங்கை மரத்தைக் காட்டுவேன். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் பக்கவாட்டுக் கேட் வழியாக நழுவி, எட்டு நாற்பது ரயிலைப் பிடித்துவிடுவாள். அழுகையும் கிடையாது, ஆர்ப்பாட்டமும் கிடையாது.

காமுவும் அப்படித்தான் வந்தாள். ஒன்றேகால் வயது. அவள் அம்மா அபிதகுஜாம்பாளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காமு காலையில் அழமாட்டாள். சாயங்காலம் அம்மா வந்து நின்றாலும் தலைகூட நிமிராமல் பால் டப்பாவை உருட்டிக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு சமர்த்துக் குழந்தை உண்டா என்று தெரு முழுக்க நானே பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் அபிதா கண் கலங்கி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எதைக் காட்டினாலும் இவ அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேங்கறா. நிலா, நாய், பஸ், எதுவுமே. மூளையில ஏதாவது கோளாறோன்னு அவர் பயப்படறார். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். என்னை வேலையை விட்டுடச் சொல்றார்."

"கொழந்தைக்கு ஒண்ணும் கெடையாது. சும்மா பேஜார் பண்ணிக்காத," என்றேன். வாய்தான் சொன்னது, மனசு நம்பவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்கினேன், உடனே திரும்பினாள். தரையில் போன எறும்பை அவளாகவே கண்டுபிடித்து நசுக்கினாள். கண்ணும் காதும் படு சுத்தம். ஆனால் நான் கையை நீட்டினால் மட்டும் முகம் வேறு பக்கம் போனது. மேலே நீட்டினேன், கீழே நீட்டினேன், பல்பைக் காட்டினேன், பல்லியைக் காட்டினேன். எங்கே காட்டினாலும் அவள் பக்கவாட்டுக் கேட்டைத்தான் பார்த்தாள். எனக்கு ஒரே குறுகுறுப்பு. அப்படி அந்தத் துருப்பிடித்த கேட்டில் என்னதான் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கே போனேன். காமு அம்மா மடியில் இருந்தாள். ஜன்னலில் ஒரு பூனை. "அதோ பாரு பூனை" என்று கையை நீட்டினேன். அவள் பூனையைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

எனக்குச் சுரீரென்றது. யாராவது கையை நீட்டினால் அம்மா காணாமல் போய்விடுவாள். மூன்று மாதமாக தினம் தினம் இதைத்தானே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்? பிள்ளை பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறது. நான்தான் மக்கு.

வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். சொன்னால் என் பேர் கெடும், பிள்ளையையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் இல்லாத வியாதிக்கு அந்தக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைவார்களே என்று மனசு கேட்கவில்லை.

"தப்பு எம்மேல கீதும்மா. காக்கா காட்டிக் காட்டி நான்தான் இப்டி ஆக்கிட்டேன். நாளைலேர்ந்து அது மூஞ்சியப் பாத்து சொல்லிட்டுப் போ. அழும். அழட்டும்."

அபிதா காமுவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நழுவினது நான்தானே அக்கா," என்றாள். "அவ அழறதைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை." டாக்டரை இரண்டு வாரம் தள்ளிப்போட வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள்.

திங்கட்கிழமை, "அம்மா ஆபீஸ் போய்ட்டு சாயங்காலம் வரேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனாள். காமு ஊரைக் கூட்டிவிட்டாள். முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டு முனிரத்தினம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, புள்ளய அடிக்கிறியா?" என்று கேட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

போகப் போக அழுகை பத்து நிமிஷமாகக் குறைந்தது. பத்தாம் நாள் சாயங்காலம் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது. அபிதா உள்ளே நுழைந்ததும் காமு டப்பாவை வீசிவிட்டுத் தத்தித் தத்தி ஓடி, அம்மாவின் காலில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். நான் தடுக்கப் போனேன்.

"அடிக்கட்டும் அக்கா. மூணு மாசத்துக்கும் சேர்த்து அடிக்கட்டும்," என்று அபிதா அழுதுகொண்டே அவளைத் தூக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வேளச்சேரி பஸ் திரும்பியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் குறுகுறுப்பு என்னை விடவில்லை. "காமு, அதோ பாரு பஸ்ஸு" என்று கையை நீட்டினேன்.

காமு முதலில் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தலையைத் திருப்பி, பஸ்ஸைப் பார்த்தாள்.