பிள்ளை தூக்க வந்தவன்

வென்டல் கேட்டது அவசர சிகிச்சைப் பிரிவு. கிடைத்தது பிள்ளை தூக்கும் வேலை.

மருத்துவம் படிக்கப் போகிற மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர் இன்மேன், அவனுடைய மதிப்பெண்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "மார்க்கெல்லாம் இருக்கு. மனுஷன் எங்கப்பா?" என்று கேட்டிருந்தார். "நோயாளி ஒருத்தருக்கு ஒரு டம்ளர் தண்ணியாவது எடுத்துக் குடுத்திருக்கியா? மெடிக்கல் காலேஜ்ல அதத்தான் கேப்பாங்க." விடுமுறையெல்லாம் அப்பாவின் மாடுகளோடு புல்வெளியில் கிடந்தவன் வென்டல். அதைச் சொன்னால் சிரிப்பார் என்று வாயைத் திறக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டு செய்யப் பெயர் கொடுத்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையூரில், போதையாகப் பழகிவிடும் வலி மாத்திரை நுழையாத வீடு குறைவு. தாயின் வயிற்றிலேயே அதற்குப் பழகி, பிறந்தபின் அது கிடைக்காமல் துடிக்கும் குழந்தைகளுக்கென்று மூன்றாம் மாடியில் தனி அறை இருந்தது. விளக்கைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, யாராவது அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நர்ஸுகளுக்கு இருப்பதோ இரண்டு கைகள்.

"கையப் பாரு, மண்வெட்டியாட்டம்," என்றாள் தலைமை நர்ஸ் ரோண்டா. "நல்லதுதான். உக்காரு கண்ணு. ஆட்டாத, குலுக்காத, கொஞ்சாத. சும்மா புடிச்சுக்க."

அவள் கொடுத்த குழந்தையின் பெயர் சைலஸ். விடாமல் தும்மினான். கால்களை விரிப்பில் தேய்த்துத் தேய்த்துக் குதிகால் தோல் சிவந்திருந்தது. அழுகை, குழந்தையின் அழுகை மாதிரியே இல்லை. கம்பியை இழுத்ததுபோல் மெல்லிசாக, கூர்மையாக வந்தது. வென்டலுக்கு வியர்த்தது. தாலாட்டு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் தேர்வு இருந்ததால், மனதில் ஓடிக்கொண்டிருந்த வேதியியல் பாடத்தை அடிக்குரலில் முணுமுணுத்தான். அவன் நெஞ்சின் அதிர்வில் குழந்தையின் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது.

எட்டிப் பார்த்த ரோண்டா, "பாடத்தக் கேட்டதும் தூங்கிட்டான். மாணவ லட்சணம் இப்பவே வந்துடுச்சு," என்றாள்.

அதன்பின் வாரத்தில் எத்தனை மதியம் முடியுமோ அத்தனை மதியம் வந்தான். எவ்வளவு நேரம் தொண்டு செய்தான் என்று எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் இன்மேன். முதலில் எழுதினான். பிறகு மறந்துபோனான்.

சைலஸின் அம்மா கென்ட்ராவை அவன் பார்த்தது ஒரு மழைநாளில். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மறுவாழ்வு இல்லத்தில் சிகிச்சையில் இருந்தாள். அந்த இல்லத்து வண்டி கொண்டுவந்து விடும் நாட்களில்தான் வர முடியும். அவனைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். நனைந்த முடியைக் கட்டாமல் வாசலிலேயே நின்றாள்.

வென்டல் எழுந்து குழந்தையைக் கொடுத்தான். அவள் கைக்குப் போனதுமே சைலஸ் உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டான். அவள் தோளில் போட்டாள், மாற்றிப் பிடித்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பலிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தாள். வென்டலிடம் வந்ததும் சைலஸ் அடங்கிவிட்டான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் டாக்டர் சார்," என்றாள் கென்ட்ரா. "நீங்க நல்ல இடத்துப் புள்ளன்னு அவனுக்கே தெரியுது போல."

அவள் போன பிறகு வென்டலுக்குள் ஒரு பெருமை எழுந்தது. வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியில்தான், அது எத்தனை அசிங்கமான பெருமை என்று உறைத்தது.

அதற்கடுத்து அவள் வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுமுறை வண்டி வந்தபோது, மேலே ஏறாமல் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வென்டல் இறங்கிப் போய்ப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"மேல வரலியா?"

"எதுக்கு? அழவெக்கவா?"

"எங்க வீட்டுல மாடு இருக்குங்க," என்றான். "தாயில்லாக் கன்ன வேற மாட்டுகிட்ட விடணும்னா, அந்த மாட்டோட வாசத்த கன்னு மேல தடவிடுவாரு எங்கப்பா. அப்புறம் ரெண்டும் ஒட்டிக்கும். நீங்க ஒரு துணிய ராத்திரி பூரா உடம்போட வெச்சிருந்து குடுங்க. நான் அவனத் தூக்கும்போது தோள்ல போட்டுக்கறேன். தினமும் உங்க வாசம் வரும்ல."

"அப்போ நான் மாடு."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"சொன்னே. டாக்டராகப் போறவன் என்னைய மாடுங்கற." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. சிரிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ரோண்டாவிடம் கேட்டார்கள். "இதுக்குன்னே துணி வெச்சிருக்கோம். ரெண்டு தரம் குடுத்தேனே இவளுக்கு," என்று அலமாரியைத் திறந்தாள். அந்தத் துணிகளைக் கொண்டுவரக் கூச்சப்பட்டுப் படுக்கைக்கடியில் போட்டுவைத்திருந்தாள் கென்ட்ரா. அடுத்த முறை வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்தாள். வென்டல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையின் கன்னம் அதில் படும்படி பிடித்துக்கொண்டான். மட்டரக சோப்பும் கொஞ்சம் சிகரெட்டும் கலந்த வாசம்.

பல நாட்கள் கழித்து, அவள் வந்திருந்த ஒரு மதியம், குழந்தையை அவள் மடியில் வைத்தான். சைலஸ் சிணுங்கினான், பிறகு அழத் தொடங்கினான். அவள் கண்கள் வென்டலைத் தேடின. கைகள் குழந்தையைத் தூக்கி நீட்டவே வந்துவிட்டன.

"நான் கை கழுவிட்டு வந்துடறேன்," என்று வென்டல் வெளியே போனான்.

கை சுத்தமாகத்தான் இருந்தது. கதவுக்கு அப்பால் சுவரில் சாய்ந்து நின்றான். அழுகை கூடியது. உள்ளே ஓடத் துடித்த கால்களைப் பிடித்துவைப்பது பெரும்பாடாக இருந்தது. அந்த வழியாக வந்த ரோண்டா அவனைப் பார்த்தாள். அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே கென்ட்ரா குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி டிரைவர் பாடுகிற கண்றாவிப் பாட்டைப் பற்றி, இல்லத்தில் யாரோ ரொட்டியைக் கருக்கியதைப் பற்றி. அழுகை விட்டுவிட்டு வந்தது. பிறகு பேச்சு மட்டும் கேட்டது.

வென்டல் உள்ளே போகவில்லை. அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினான்.

இலையுதிர்காலத்தில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நடந்ததைக் கேட்ட இன்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத எழுதுடா. இதுக்கப்புறம் எவன் உன்ன வேண்டாம்பான்?" வென்டல் எழுதினான். நன்றாகவே வந்தது. ஆனால் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. பேரை மாற்றியிருப்பதாகச் சொல்லி கென்ட்ராவிடம் கொடுத்தான்.

மடியில் சைலஸ் தூங்க, அவள் முதல் பத்தியை மட்டும் படித்தாள். "'போதைக்கு அடிமையான ஓர் இளம்தாய்'. இது நானா?"

காகிதத்தை மடித்து அவனிடமே நீட்டினாள்.

"நீ கெட்டவனில்ல வென்டல். எனக்குத் தெரியும். ஆனா கோர்ட்டு, நலத்துறை, ஆஸ்பத்திரி, எல்லாருகிட்டயும் என்னப் பத்தி எழுதின காகிதம் இருக்கு. அதுல ஒண்ணக் கூட நான் எழுதல. இவன் வளந்து பெரியவனாகி, இவனப் பத்தி இவனே சொல்லிக்கட்டும். நீ சொல்ல வேணாம்."

"சரி," என்றான்.

"கோவமா?"

"இல்ல. வெக்கமா இருக்கு."

"அது பரவால்ல," என்றாள். "பால் புட்டிய எடு."

கட்டுரையை அழித்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்கள் வளர்த்ததைப் பற்றி எழுதினான். "ஈயப் படிச்சு எவனுக்குக் கண்ணீர் வரும்?" என்று இன்மேன் தலையில் அடித்துக்கொண்டார். குளிர்காலம் வருமுன் சைலஸ் அம்மாவோடு இல்லத்துக்குப் போனான். கார் இருக்கைப் பட்டையை மாட்டத் தெரியாமல் கென்ட்ராவும் வென்டலும் திணற, இருவரையும் விலக்கிவிட்டு ரோண்டாவே மாட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் வென்டல் குளிரில் நின்றான். அதற்குப்பின் அவர்களை அவன் பார்க்கவில்லை.

அந்த வருடம் எந்த மருத்துவக் கல்லூரியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. படிப்பு முடிந்து ஆம்புலன்ஸில் வேலைக்குப் போனான். மறுபடி விண்ணப்பித்தான். ஓய்வு நாட்களில் மூன்றாம் மாடிக்கு வருவதை மட்டும் விடவில்லை. எதற்கென்று யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள், பிறந்து சில நாட்களே ஆன ஒரு பெண் குழந்தையை வெகுநேரப் போராட்டத்துக்குப் பிறகு தூங்கவைத்திருந்தான். ரோண்டா எட்டிப் பார்த்தாள். "உன் கோட்டுல ஃபோன் அடிச்சுட்டே இருக்கு கண்ணு."

"அடிக்கட்டும். இப்பத்தான் கண்ண மூடினா."

குழந்தை விழித்து, பால் குடித்து, வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் மாடிப்படியில் உட்கார்ந்து, ஃபோனில் பதிவாகியிருந்த செய்தியைக் கேட்டான். காத்திருப்போர் பட்டியலில் இருந்த அவனுக்கு மாநில மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இன்னொரு முறை கேட்டான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வது மறுமுனையில் நெடுநேரம் கேட்டது.

"சரிடா," என்றார் கடைசியில். "பாத்து ஓட்டிட்டு வா. அம்மா பீன்ஸ் வேக வெச்சிருக்கா. ரொட்டி இனிமேதான் போடணும்."