சீட்டுக்குப் பின்னால் கிடந்த பெல்ட்

எங்கள் பிக்கப் வண்டியின் பெல்ட் தேய்ந்துபோன சங்கதி தெருவில் எல்லோருக்கும் தெரியும். காலையில் சாவியைத் திருகினால் போதும், பூனை வாலைக் கதவில் வைத்து நசுக்கிய மாதிரி ஒரு கிறீச்சல். எதிர்வீட்டுக் குழந்தை அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்கும். ஊருக்கே கேட்டது, வண்டியை ஓட்டுகிற இரண்டு மகராசன்களுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் என்ன? "நேத்து ஓட்டினது அவன்தானே, அவன் மாத்தட்டும்" என்பார் என் வீட்டுக்காரர். "பெரியவர் அவர்தானே, அவரே மாத்தட்டும்" என்பான் என் கொழுந்தன். இரண்டையும் என்னிடம்தான் சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். வண்டி மாமனாருடையது. முன்பெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கொழுந்தன் கேட் தூணில் இடித்துவிட்டான். என் வீட்டுக்காரருக்கு வாயை அடக்கத் தெரியாது. அந்த வீட்டு ஆட்கள் முன்னாலேயே, "குரங்கு கையில பூமாலை குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். மற்ற வீடுகளில் அண்ணன் தம்பி பிரிய நிலம் வேண்டும், வீடு வேண்டும். இவர்களுக்கு ஒரு குரங்கு போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் இவர், ஒருநாள் அவன். சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். ஒருவர் மாட்டிவிட்டுப் போனால்தான் இன்னொருவர் வந்து எடுப்பார்.

மாமா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைக்கு நடந்துபோய்ப் புது பெல்ட் ஒன்றை வாங்கிவந்து சீட்டுக்குப் பின்னால் வைத்தார். "மெக்கானிக்கிட்ட விட்டுடாதேம்மா" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒருத்தன் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கணும், இன்னொருத்தன் பெல்ட்டை மாட்டணும். இவனுங்களே செய்யட்டும்." கிழவரின் தந்திரம் எனக்குப் புரிந்தது. மகன்களுக்கும் புரிந்திருக்கும், அதனால்தான் இருவரும் அதைத் தொடவில்லை. பெல்ட் உறை பிரிக்காமல் தூசி படிந்து கிடந்தது.

அப்புறம் மாமா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். வண்டியைப் போலவே அப்பாவையும் முறை போட்டுப் பார்த்தார்கள் இந்தப் பிள்ளைகள். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை போன் செய்தார். குரலே சரியில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டு வாம்மா. இன்னைக்குத் தாண்டாதுங்கறார் டாக்டர். இவர் கதவையே பாத்துட்டிருக்கார். தனித்தனியா வந்தது போதுமாம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ஒரு தடவை பாக்கணுமாம்."

கொழுந்தனின் மனைவியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பினோம். இவர் ஓட்டினார். அந்தப் பக்கக் கதவோரம் கொழுந்தன். நடுவில் நந்தி மாதிரி நான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வழி முழுக்க பெல்ட் கத்தியது.

பாலத்தைத் தாண்டி, ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதிலை ஒட்டிப் போகும்போது பானெட்டுக்குள் பளாரென்று ஒரு அறை விழுந்தது. கத்தல் நின்றுவிட்டது. பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போனது, சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. இவர் வண்டியை இழுத்து ஓரம் கட்டினார்.

பானெட்டைத் திறந்தால், பெல்ட் நார் நாராகக் கிழிந்து ஒரு புல்லிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நேத்து ஓட்டினது யாருன்னு கேளு" என்றார் இவர்.

"போன மாசமே நான் உங்ககிட்ட சொன்னேன்னு சொல்லுங்க அண்ணி" என்றான் அவன்.

"அட பாவிகளா! அங்க ஒரு மனுஷன் உங்களுக்காக உயிரைப் பிடிச்சு வச்சிருக்கார், இங்க பட்டிமன்றம் நடத்தறீங்களா?"

வாடகைக் காருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் காரே இல்லை என்றார்கள். கை காட்டிய பஸ் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனது. சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, மாமா வாங்கிவைத்த பெல்ட்டை எடுத்து உறையைப் பல்லால் கிழித்தேன். "ம், மாட்டுங்க."

கை வைக்க முடியாத சூடு. அது ஆறும்வரை ஒருவர் முன் டயரைப் பார்த்தபடி, ஒருவர் பின் டயரைப் பார்த்தபடி நின்றார்கள். நான் போனைப் பார்த்தபடி நின்றேன். அத்தையிடமிருந்து அழைப்பு வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கொழுந்தன் ஒரு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். அவன் கை ஒல்லி, சந்துக்குள் போகும். மேலே இவர் நீளமான ஸ்பேனரை டென்ஷனரில் மாட்டினார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் சக்கரம் அது. அதை முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்தால்தான் பெல்ட்டைக் கடைசிப் புல்லியில் ஏற்ற இடம் கிடைக்கும். பிடி நழுவினால் கீழே இருப்பவன் விரல் போய்விடும்.

"ஏத்தச் சொல்லு."

"ஏத்தச் சொல்றார்ப்பா."

"இன்னும் இழுக்கச் சொல்லுங்க அண்ணி."

"இன்னும் இழுங்க."

இருவருக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டர்தான் இருந்தது. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாமல் இருக்குமா? விழும். ஆனால் என் வாய் வழியாக வந்தால்தான் செல்லும்.

"மாட்டிட்டானா கேளு, கை தாங்கலை."

நான் குனிந்து கேட்டு, அவன் பதில் சொல்லி, நான் நிமிர்வதற்குள் ஈரக் கையில் ஸ்பேனர் வழுக்கியது. கீழே "ஆ!" என்று ஒரு சத்தம். கொழுந்தன் கையை வெளியே இழுத்தான். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. விரல் தப்பியது அவன் அதிர்ஷ்டம்.

இவர் சட்டென்று குனிந்தார். வாய் திறந்தது. திறந்த வாய் என் பக்கம் திரும்பியது. "ரொம்ப அடியா கேளு."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "நான் என்ன உங்க வீட்டு டெலிபோனா? அவன் விரல் போனாலும் நான்தான் வந்து சொல்லணுமா? இனிமே என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. மாட்டுனா மாட்டுங்க, இல்லைன்னா அப்பாவுக்கு இங்கேயே நின்னு கும்பிடு போட்டுக்கங்க!" விறுவிறுவென்று போய் மதிலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அதை அவர்களுக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன், இவர் சட்டை நுனியால் ஸ்பேனரைத் துடைத்தார். அட்டை மறுபடி தரையில் உரசியது.

"விரல் உள்ள இருக்கு" என்றது கீழேயிருந்து ஒரு குரல். "விட்டுடாதே."

"விட மாட்டேன். நீ மாட்டு."

"இன்னும் கொஞ்சம்."

"இவ்ளோதான்டா வரும்."

"இரு... இரு... வந்துடுச்சு. கையை எடுத்துட்டேன். விடுண்ணா."

அவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை. இதற்காகவா இத்தனை மாதம்! இருவரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, இருவர் கன்னத்திலும் ஆளுக்கொன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

சாவியைத் திருகியதும் என்ஜின் சாதுவாக உறுமியது. கிறீச்சல் இல்லை. "அடுத்த லெஃப்ட்ல போ, அங்க சிக்னல் கிடையாது" என்று கொழுந்தன் நேராக அண்ணனிடமே சொன்னான். இவரும் திரும்பினார். 'மாமா, கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துட்டோம்' என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாமா இருந்த அறை கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அத்தை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மாமாவின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு விநாடி எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், அந்தக் கண்கள் அசையவில்லை.

"இப்பத்தான்" என்றார் அத்தை. "நம்ம வண்டி கத்தற சத்தம் கேட்டா சொல்லு, சொல்லுன்னு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். கேக்கவே இல்லையே. கண்ணை மூட நர்ஸம்மா வந்தாங்க. நான்தான் விடலை." பிறகு நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணாவா வந்தீங்க?"

இருவரும் கட்டிலுக்குப் போனார்கள். நர்ஸ் குறுக்கே வந்தார். "கையெல்லாம் ஒரே கரியா இருக்கே. கழுவிட்டு வந்து தொடுங்க."

அத்தை எழுந்து வந்து பெரியவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சின்னவன் கையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் முழங்கை வரை ஒரே கறுப்பு. சின்னவன் விரல் முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. அத்தைக்கு விளங்கிவிட்டது. நாற்பது வருஷம் அந்த வண்டிக்காரரோடு குடித்தனம் நடத்தியவர் இல்லையா?

"வேண்டாம்மா, கழுவ வேண்டாம்" என்றார் நர்ஸிடம். "இப்படியே இருக்கட்டும். அவர் பாக்கட்டும்."

இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டுபோய் அந்த வெள்ளை விரிப்பின் மேல், மாமாவின் நெஞ்சில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பெல்ட் மாத்திட்டோம்ப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு பேரும்தான்ப்பா" என்றான் கொழுந்தன்.

அதற்குப் பிறகுதான் அத்தை அவர் கண்களை மூடவிட்டார்.