குளியலறையில் வாசித்த கை

குளியலறைக்குள் யார் கிட்டார் வாசித்தாலும் சரி, தனக்குப் பல் துலக்கியாக வேண்டும் என்று மனைவி காலையிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். ஒயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்காலியில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்து, மைக்கை அதன் முகத்துக்கு நேரே நிறுத்தி, கதவிடுக்கு வழியாக ஒயர்களை வெளியே இழுத்து, மேலே தடிமனான போர்வையைத் தொங்கவிட்டான். எந்நேரமும் கழுத்தில் ஏதாவது ஒரு ஒயரை மாட்டிக்கொண்டே திரிவதால் அவனுக்கு வந்த பட்டப்பெயர்தான் ஒயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

கிட்டாரிலிருந்து நேராகக் கணினிக்குள் போய்ப் பதிவான ஒலி சப்பென்றுதான் இருக்கும். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல இருக்கும். யார் வாசித்தாலும் அப்படித்தான். அதைப் பிறகு வெளியே எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டு, அது போடும் சத்தத்தை மைக்கில் மறுபடி பிடிக்கும்போதுதான் அதற்கு உடம்பும் கோபமும் வரும். வாசித்தவர் அவர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். அவருடைய வாசிப்பு இங்கே குளியலறையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்.

இப்போது கத்திக்கொண்டிருந்தது அத்தானின் வாசிப்பு. அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன், தன் வீட்டு வாசலிலேயே பைக்கிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் முன்போலச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிப் பாத்துடலாம் மாப்ள. கை வரலைன்னா கிட்டாரை யாருக்காவது குடுத்துடறேன். கட்டிலுக்கடியில அதைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்றார். போன வாரம் வந்து திரும்பத் திரும்ப வாசித்தார், திரும்பத் திரும்பத் தடுக்கினார். கடைசியில் ஒயர் எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றே ஒன்று நன்றாக வந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஆம்ப்ளிஃபயரில் விட்டுப் பிடித்து அனுப்பினான். அத்தான் அன்றிரவே போனில் கூப்பிட்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். இன்னும் கொஞ்சம் கரகரப்பாக வேண்டும் என்று இன்று அக்காவையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

அவர் கேட்ட கரகரப்பைக் கூட்டினான். கூட்டினால் கிட்டாரின் கடைசிச் சுரம் சீக்கிரம் சாகாது, நீண்டுகொண்டே போகும். அப்படி நீண்டபோதுதான் ஒயருக்கு உறைத்தது.

அத்தான் எதை வாசித்தாலும் முடிந்ததும் கம்பிகளை உள்ளங்கையால் டப்பென்று பொத்திவிடுவார். வண்டியை நிறுத்திச் சாவியை எடுப்பது போல. இதில் அந்த டப் இல்லை. சுரம் தானாக ஓய்ந்தது. அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, சத்தம் சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்க இதே துண்டை ஒயரும் ஒரு முறை வாசித்திருந்தான். அழித்துவிட்டதாக நினைத்திருந்தான். அழித்தானா, அல்லது அத்தானுடையது என்று அதையே அனுப்பிவிட்டானா? எதற்கும் ஒழுங்காகப் பெயர் வைக்கிற பழக்கம் இருந்தால்தானே! கணினியில் 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி' என்று கோப்புகள் அவனைப் பார்த்துப் பல்லிளித்தன. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாமே ரப்பர் பேண்ட். எது யாருடையது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவனை அக்கா மடக்கினாள்.

"ஏன்டா, அதை வாசிச்சது நிஜமா அவர்தானா?"

"ஏங்க்கா?"

"வீட்டுல கிட்டாரைத் தொடவே மாட்டார். நீ அனுப்பினதைக் கேட்டதுலேர்ந்து தினம் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். சாப்பாடு ஆறிப்போறதுகூடத் தெரியல. அது அவர் இல்லேன்னா உடைஞ்சு போயிடுவாரோன்னு எனக்கு பயமா இருக்குடா."

"அவர்தான்கா."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. அக்காவின் முகம் தெளிந்தது. பொய் சொன்னானா, உண்மை சொன்னானா? அதுவாவது தெரிந்தால் அதற்குத் தக்கபடி வருத்தப்படலாம்.

அறைக்குத் திரும்பியதும் கிட்டாரை எடுத்து அத்தான் மடியில் வைத்தான். "சும்மா ஒரு தடவை வாசிங்க அத்தான். கேக்கணும்."

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தழும்பு தெரிந்தது. நடுவில் ஓர் இடத்தில் மோதிர விரல் வழுக்கியது, பிடித்துக்கொண்டார். போன வாரத்துக் கை இல்லை இது. ஒயர் அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தான். கடைசிச் சுரம் வந்தது. அத்தான் பொத்தவில்லை. கையைத் தூக்கி அதை அதன் போக்கில் விட்டார், அது நீண்டு, மெலிந்து, ஓய்ந்தது.

அப்பாடா, அனுப்பியது அவருடையதுதான் என்றிருந்தது ஒயருக்கு. கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

"கவனிச்சியா மாப்ள? முன்னல்லாம் டப்புனு பொத்திடுவேன்ல? நீ அனுப்பினதுல பாத்தா, பொத்தாம விட்டிருக்கேன். எப்ப அப்படிச் செஞ்சேன்னே ஞாபகம் இல்ல. ஆனா நல்லா இருந்துச்சு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்ப இப்படி வருது."

ஒயர் திருதிருவென்று விழித்தான்; பதிவைக் கேட்டுத்தான் பொத்தவில்லை என்றால், இதிலிருந்தும் எதுவும் தெரியாது. வாசல் பக்கம் நின்ற அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அப்ப, கிட்டாரை யாருக்கும் குடுக்கல?" என்று கேட்டாள். "எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அத்தான், கேள்வியே புரியாதவரைப் போல.

அவர்கள் கிளம்பும்போது, கரகரப்பைக் கூட்டி மைக்கில் பிடித்ததை மறக்காமல் அனுப்பச் சொல்லி அத்தான் இரண்டு தடவை கையை அழுத்தினார். இடது கையால் அழுத்தினார். நல்ல பிடி.

கதவைச் சாத்திவிட்டு ஒயர் தன் கிட்டாரை எடுத்து ஒயரைச் செருகினான். தன்னுடைய கை எப்படி முடிக்கும் என்று தெரிந்தால் போதும், கதை முடிந்துவிடும். யோசிக்காமல் வாசிக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான். குளியலறைக்குள் ஆம்ப்ளிஃபயர் கத்தியது. "இன்னும் முடியலையா?" என்று மனைவி பிரஷ்ஷோடு வந்து கதவருகே நின்றாள். விரல்கள் வழி தெரிந்து தாமாகவே ஓடின. கடைசிச் சுரம் வந்தது.

அவன் சொல்லாமலே உள்ளங்கை கம்பிகளின் மேல் இறங்கியது. டப்.

போர்வைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒயர் கம்பிகளின் மேலிருந்து கையை எடுக்காமல், இந்த டப் தன்னுடையதா, அத்தானிடமிருந்து தொற்றியதா என்று தெரியாமல், அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.