மூழ்கிய மரக்கட்டை

பிள்ளைகளின் சிந்திக்கும் திறனை வளர்க்க வந்த பயிற்சியாளரைப் பார்த்ததுமே ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பளபளக்கும் பெட்டி, வாய் நிறைய அளப்பு. அப்போதே மனசுக்குள் ‘ஆய்வுத் திலகம்’ என்று பட்டம் கட்டிவிட்டாள்.

“குழந்தைங்கதான் கேள்வி கேட்கணும் மேடம். நாம பதிலே சொல்லக் கூடாது” என்று முக்கால் மணி நேரம் அவரே பேசினார். கேள்வி கேட்க ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. தலைமையாசிரியை கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் தண்ணீர்த் தொட்டி வந்தது. பயிற்சியாளர் பெட்டியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து, “மிதக்குமா, மூழ்குமா?” என்றார்.

“மிதக்கும்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

போட்டார். கட்டை ‘தொபுக்’கென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி எட்டிப் பார்த்தாள். “மூழ்கிடுச்சு சார். ஏன் சார்?”

அவர் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினார். “இல்லம்மா, மரம் மிதக்கும். எல்லாரும் ‘மிதந்தது’ன்னு எழுதுங்க.”

“கீழதானே சார் கிடக்கு?”

“அதிகப்பிரசங்கி! உட்காரு” என்றார் கூடவே வந்திருந்த தலைமையாசிரியை.

இதற்கு மேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. “கண்ணால பாத்ததை எழுதுங்கடா” என்றாள். இருபத்தாறு நோட்டுகளிலும் கோணல்மாணலாக ‘மூழ்கியது’ விழுந்தது. ஒன்றில் ‘மூள்கியது’. அதை அவள் திருத்தவில்லை.

ஆய்வுத் திலகம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தலைமையாசிரியையோடு அலுவலக அறைக்குப் போனார். பிள்ளைகள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டாள். ஒருத்தன் கட்டையைத் தட்டிப் பார்த்தான். இன்னொருத்தி மோந்து பார்த்தாள். வாயாடி நகத்தால் சுரண்ட, மரம்போல் அச்சடித்த தாள் உரிந்து வந்தது.

“டீச்சர்! இது மரமே இல்ல! கெட்டி பிளாஸ்டிக்கு!”

டீச்சர் அதைக் கொண்டுபோய் அலுவலக அறை மேசையில் வைத்தாள். பயிற்சியாளர் கையேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தலைமையாசிரியை கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருந்த சாமானை எதுக்கு உரிச்சீங்க?”

எல்லா வகுப்புக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கிடைத்தது. அவள் அதைப் படிக்காமலேயே மடித்துக் கைப்பையில் திணித்தாள். இவர்களுக்கு விளக்கம் வேறு ஒரு கேடா!

வகுப்புக்குத் திரும்பினால், இருபத்தாறு பேரும் குனிந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.