இருபது நொடி வீடியோ

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதற்குத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லவே முயல்கிறேன். குறையிருப்பின் அது என்னுடையதே.

நீச்சல்குளத்தில் அவளுக்கு வாத்து என்று பெயர். பிறவியிலேயே சூம்பிய இடது காலோடு ஈரத்தரையில் ஆடியாடி நடந்தவளுக்கு அக்காவே சூட்டிய பெயர். "தரையில பார்த்தா சிரிப்பாங்க, தண்ணியில பார்த்தா வாயைப் பொளப்பாங்க" என்பாள் அக்கா. பதினோரு ஆண்டுகளாகப் பயிற்சியாளரும் அவளேதான்.

அவள் நீந்திய மாற்றுத்திறனாளர் போட்டிகளில், உடல் எவ்வளவு இயங்குகிறது என்று ஒரு குழு சோதித்து, அதற்கேற்ற பிரிவில் சேர்க்கும். வாத்தின் பிரிவில் நாட்டு அணிக்கு இருந்தது ஒரே இடம். முதுகு நீச்சலில் அவளே முதல். அக்காவிடம் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண் இரண்டாவது.

தேர்வு நாளன்று நண்பகலில் குழுவின் மருத்துவர் அவளை அழைத்து ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் அவளது இடது கால் தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தது. "அக்கா, பாரு, உதைக்குது" என்ற அவள் குரலும் சிரிப்பும் கேட்டன. இருபது நொடியில் வீடியோ நின்றது. அதன்பின் தசை இழுத்து அவள் மூழ்கியதும், அக்கா உடுத்திய துணியோடு குதித்துத் தூக்கியதும், எட்டு நாள் கால் ஊன்ற முடியாமல் கிடந்ததும் அதில் இல்லை.

"இது நீங்கதானேம்மா?"

"நான்தாங்க. ஆனா அதுக்கப்புறம்..."

"அப்புறம் நடந்தது எங்ககிட்ட இல்லை. பார்த்தவங்க இருந்தா சாயங்காலத்துக்குள்ள எழுதித் தரச் சொல்லுங்க. இல்லைன்னா உடம்பு அதிகமா இயங்குறவங்களோட மேல் பிரிவுதான்."

அவளது கால் நன்றாக இயங்குகிறது என்று வீடியோவோடு வந்திருந்த புகார்த் தாளின் அடியில் இருந்த கையெழுத்து, பள்ளி நாட்களில் அப்பாவுக்குப் பதிலாக அவளுடைய மதிப்பெண் அட்டையில் விழுந்த அதே கையெழுத்து.

உடை மாற்றும் அறையில் அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மீதியை ஏன்கா வெட்டினே?"

"கால் அசைஞ்சுதா இல்லையா? நான் பொய் சொல்லலை."

"சரி, சொல்லலை. மூழ்கினதையும் ஒரு வரி எழுதிக் கொடு. பார்த்தது நீ ஒருத்திதான்."

அக்கா துண்டின் ஓரத்தை நேராக்கினாள். "உனக்கு முப்பத்தொண்ணு ஆச்சுடி. அந்தப் புதுப் பொண்ணு நாட்டு அணியில இன்னும் மூணு தடவை போவா. கோச்சா நான் அதையும் யோசிக்கணும்ல?"

"யோசி. அந்த வீடியோவை எடுத்தது கோச்சா, அக்காவா?"

அக்கா மடித்த துண்டுகளை அடுக்கினாள். "தலை ஈரமா இருக்கு பாரு, துவட்டிக்கோ" என்று ஒரு துண்டை நீட்டினாள்.

"வேணாங்க மேடம்" என்றாள் வாத்து.

பிறந்தது முதல் அக்காவை அவள் அப்படி விளித்ததில்லை. அக்காவின் கை நீட்டியபடியே நின்றது. அது பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் குழு கோப்பை மூடியது. மேல் பிரிவில் அவள் நீந்திய நேரத்திற்குக் கிடைத்தது பதினான்காம் இடம்.

அன்று போனவை: நாட்டு அணியில் ஓரிடம். பழைய பிரிவில் நீந்தும் உரிமை. பதினோரு ஆண்டுப் பயிற்சி. உடன்பிறந்தவள் ஒருத்தி.