வாய்க்கால் கட்டில் அறுகு

"மண்ணைப் போடடா!"

ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அதிகாரி, மயில்வாகனம் விதானை கத்தினார். கூலியாள் மண்வெட்டியை ஓங்குவதற்குள் நாகேஸ்வரி வாய்க்காலுக்குள் குதித்துவிட்டாள். தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாயை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போடச் சொல்லுங்கோ, விதானையார். என்னையும் சேத்து மூடட்டும்."

குளத்து மதகின் துருசைக் காலையிலேயே திறந்துவிட்டார்கள். கோடை விதைப்புக்கான சிறுபோகத் தண்ணீர் எந்த நேரமும் வரலாம்.

அரசு கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்த புதிதில் அவள் செய்த ஒரே பிழை, சுத்தம். உரும்பிராய்ப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே வரம்பில் ஒரு புல் தலைகாட்டினாலும் வீட்டுக்கே வெட்கம். அதே கையோடு இங்கேயும் வாய்க்கால் கட்டைப் புல்லில்லாமல் செருக்கி, மொட்டைத் தலை மாதிரி வழித்து வைத்தாள். மாரி வெள்ளம் கட்டைக் கரைத்து, அயல் வயல்களையெல்லாம் மணலால் மூடிவிட்டுப் போனது.

"அடுத்த தண்ணிக்குள்ளை கட்டு இறுகாட்டி உன்ரை வாயை மூடுவன். மற்றவையின்ரை கட்டிலை ஒரு வேர் பிடுங்கினாலும் குற்றம்!" கூட்டத்தில் விதானை சொன்ன தீர்ப்பு அது.

தண்ணீர் இல்லாவிட்டால் விதைப்பு இல்லை. விதைக்காத காணி கைமாறும். விதானையின் தம்பி யோகநாதன் அதற்காகவே காத்திருக்கிறான் என்பது ஊரறிந்த கதை. நாகேஸ்வரியின் புருசனோ கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஆனால் இன்று கட்டு முழுக்க அறுகம்புல் பச்சை!

"எங்கையோ அறுத்துக்கொண்டு வந்து மேலாலை பரவியிருக்கிறாய். நான் என்ன மாடே, பச்சையைக் கண்டு மயங்க?"

"இழுத்துப் பாருங்கோவன்."

விதானை குனிந்து இழுத்தார். நுனிதான் கையோடு வந்தது. இரண்டு கையாலும் பற்றி மூச்சைப் பிடித்து இழுத்தார். கை வழுக்கியது. பொத்தென்று குந்திவிட்டார். கூலியாள் அவசரமாக வானத்தைப் பார்த்தான்.

"கொடியை முறிச்சு, கணு மண்ணுக்கை போக, நுனி வெளியிலை நிக்கச் சரிச்சு நட்டனான். குதிக்காலாலை மிதிச்சு இறுக்கினனான். விடியவும் பொழுதுபடவும் தண்ணி தெளிச்சனான். கணுவுக்குக் கணு வேர் ஓடியிருக்கு. உங்கடை பலத்துக்கு வராது, விதானையார்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் இரைச்சல் கேட்டது.

தண்ணீர்!

சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்து வளைவில் மோதியது. ஒரு கட்டி மண் பொலபொலவென்று சரிந்தது. சரிவு வேர்ப் பின்னலில் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு பிடி மண் அசையவில்லை. தண்ணீர் அவள் இடுப்புவரை ஏறி, அவளைச் சுற்றி வழி தேடி, வயலுக்குள் பாய்ந்தது.

"கட்டு நிண்டிட்டுது, விதானையார்" என்றான் கூலியாள், கேட்காமலே.

விதானை சேற்றோடு எழும்பினார். "நிண்டாப்போலை? காடெல்லாம் கருகிக் கிடக்கிற வெய்யிலிலை இவ்வளவு அறுகும் ஆரின்ரை கட்டிலை களவெடுத்தனி? சொல்லு! களவெண்டால் இப்பவே எல்லாத்தையும் பிடுங்குவிப்பன்."

"களவில்லை. ஆர் தந்தது எண்டு சொல்லமாட்டன். வாக்குக் குடுத்தனான்."

"அப்ப பிடுங்கடா!"

"மண்வெட்டியைக் கீழை வை, தம்பி."

குரல் பின்னாலிருந்து வந்தது. விதானையின் மனைவி இலட்சுமி நின்றாள். இடுப்பில் ஒரு பனையோலைக் கடகம். அது நிறைய, ஈரம் சொட்டும் அறுகு.

"எங்கடை கிணத்தடிப் புல்லுத்தான். நான்தான் ஒவ்வொரு நாளும் பிடுங்கிக் குடுத்தனான்."

"உனக்கென்ன விசரே? இந்தக் காணி என்ரை தம்பிக்கு..."

"அதுக்குத்தான் குடுத்தனான்! போன வருசம் வந்து நிண்டவரெல்லே உங்கடை தம்பி? மூண்டு நேரமும் சமைச்சுப் போட்டன். திண்ட கோப்பையைக்கூடக் கழுவேல்லை. அவர் பக்கத்துக் காணிக்கு வந்தால், என்ரை குசினியை விட்டு எழும்புவாரே?"

கடகத்தை நாகேஸ்வரியிடம் நீட்டினாள்.

"பிடி பிள்ளை. சரிஞ்ச இடத்திலை நடு."