இரவல் பிள்ளைகள்

தென் திருவிதாங்கூர் தமிழ்நாட்டோடு சேருவதா கேரளத்தோடு சேருவதா என்ற எல்லைப் போராட்டம் சூடுபிடித்துக் கிடந்த ஐம்பத்து நாலாம் வருஷம் குளத்தூர்ப் பக்கம் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று மலையாளம், ஒன்று தமிழ். அடிதடி வருமோ என்று பயந்து சில வீடுகளில் தமிழ்ப் பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். நான்காம் வகுப்பில் இருபது பேராவது வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பினார். வந்துகொண்டிருந்தவர்கள் பதினாலு பேர். வகுப்பு போனால் ராஜபாய் டீச்சரின் வேலையும் போகும்.

அந்த வேலைதான் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள் மக்களே. சர்க்கார் தரும் சம்பளத்தில் பாதியைத்தான் பள்ளிக்கூடத்தை நடத்தும் மேனேஜர் காந்திமதிநாதன் டீச்சர் கையில் கொடுப்பார். மீதிக்கு மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளி என்பார்களே அதுதான்.

"கிழங்குன்னா சும்மாவா டீச்சரே, நம்ம விளையில உள்ளதாக்கும்" என்பார்.

அவித்தும் வறுத்தும் சலித்துப்போன ராஜபாய்க்கு, வகுப்புக்குள் கால் வைத்ததும் முகம் மலர்ந்துவிடும். பிள்ளைகள் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று ஆள் குறைந்த பள்ளிக்கூடம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இரவல் வாங்கிக்கொள்ளும். மேனேஜர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தாலும் வாத்தியார்களுக்குள் அந்த ஒட்டு இருந்தது. ராஜபாய் எதிர்ப்பள்ளிக்கூடத்துப் பொன்னையன் சாரிடம் போனார்.

"ஆறு பிள்ளையளத் தருவியளா சாரே?"

"ஏழு தாறேன். ஒண்ணு அழுதா பகரம் வேண்டாமா? ஆனா திருப்பித் தரணும், கேட்டியளா."

"உடையாமத் தாறேன்."

மறுநாள் காலையில் ஏழு பேரும் வந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பாஷையும் வரும். வராத பிள்ளைகளின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொடுத்தாயிற்று. பஸ் கெட்டுப்போனதால் இன்ஸ்பெக்டரைக் காணோம். ராஜபாய்க்குச் சும்மா இருக்க முடியுமா? வகுத்தல் கணக்கைத் தொடங்கிவிட்டார். அவருடைய வகுப்பில் ஒரு சட்டம். கணக்கு தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிச் சிலேட்டும் சரியானால்தான் எல்லோருக்கும் விளையாட்டு.

அன்றைக்குக் கடைசிச் சிலேட்டு விலாசினியுடையது. இரவல் வந்தவள். பொன்னையன் சார் வகுப்பில் அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, அடி வாங்கினாளே தவிர வகுத்தல் வாங்கவில்லை. இங்கே இரண்டு பக்கமும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"எடீ, மீதிய கீழ எறக்கு. விளையாடப் போவாண்டாமா?"

இறக்கினாள். விடை வந்துவிட்டது. வகுப்பே கூவிக்கொண்டு வெளியே ஓடியது.

இன்ஸ்பெக்டர் மத்தியானத்துக்கு மேல் வந்து பெயர் கூப்பிட்டார். போராட்டம் வந்த பிறகு ராஜபாய் தன் பிள்ளைகளுக்கு "உள்ளேன்" என்று சொல்லப் பழக்கியிருந்தார். இரவல் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். ஏழு பேரும் தங்கள் பள்ளிக்கூடத்து வழக்கப்படி கணீரென்று "ஹாஜர்" என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிள்ளே, நீ எந்தப் பள்ளிக்கூடம்?"

"அங்கயாக்கும் சாரே" என்று விலாசினி ஜன்னல் வழியாக விரலை நீட்டினாள். "இன்னைக்கு மட்டும் இங்க."

ராஜபாய் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து கரும்பலகையில் ஒரு வகுத்தல் எழுதினார். சிலேட்டுகள் எழுந்தன. வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். எல்லாம் சரி. விலாசினியுடையதை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

"இரவலை எண்ண மாட்டேன் டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள பெத்தவங்க வந்து சேர்த்தா எண்ணலாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு விலாசினியின் அப்பா வேலாயுதன் மகளோடு வந்தார். பின்னால் மற்ற ஆறு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். வேலாயுதன் கேரளக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். காந்திமதிநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாரும் வேலாயுதா. கடைசியில தமிழுக்கு வந்தீரே."

"தமிழுக்கு வரல்ல. எம்மவ வீட்டுல உள்ள தேங்காய எல்லாம் வகுத்துக்கிட்டு நடக்கா. அவ அம்மைக்கும் சொல்லிக் குடுக்கா. அதுக்காக்கும் வந்தேன்."

"அப்பம் சேத்திரும்."

"சேக்கலாம். டீச்சருக்கு முழுச் சம்பளமும் கைல குடுக்கணும்."

"அது உமக்கு எதுக்குவே?"

"அரைவயித்துக்கு எத்தன நாளு இங்க நிப்பாவ? அவிய வேற வேலைக்குப் போயிட்டா எம்மவளுக்கு மிச்சக் கணக்கு யாரு சொல்லித் தருவா? நீரா?"

"கிழங்கும் குடுக்கேன்லா."

பின்னால் நின்ற பிச்சம்மாள், ஏழு பேரில் ஒருத்தியின் தாய், "கிழங்க நீரே வச்சுத் தின்னும்" என்றாள். பிள்ளைகள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

காந்திமதிநாதன் யோசித்தார். வகுப்பு மூடினால் சர்க்கார் பணம் அவருக்கும் வராது. எதிர்ப்பள்ளிக்கூடமோ கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது.

"சரி, அடுத்த மாசம் முதல்."

"வா மோளே, போவோம்" என்று வேலாயுதன் திரும்பினார். கூட வந்தவர்களும் திரும்பினார்கள்.

"நில்லும்வே. இந்த மாசமே குடுக்கேன்."

 ராஜபாய் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னையன் சார், "எனக்கும் இனி கிளாஸில காலு வைக்க எடம் உண்டு" என்று சந்தோஷப்பட்டார்.

அன்று சாயங்காலம் பாறசாலையில் ஐக்கிய கேரளத்துக்காக ஒரு கூட்டம். நேரமாயிற்று என்று வேலாயுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு ஓடினார். ராஜபாய் வாசல்வரை வந்து, "மெதுவா கோஷம் போடுங்க, தொண்ட கெட்டிரப் போவுது" என்று சொல்லி அனுப்பினார்.